பதினான்கு நிமிட மாலை வெளிச்சம்

அத்தியாயம் ஐந்து

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு, நாடக அரங்கின் உடையறையில், தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நான்காவது முறை. நூலில் குறையில்லை, ஊசியின் காதிலும் குறையில்லை. கைதான் சொன்னபடி கேட்கவில்லை.

“மூணு மணிக்குத் திரை தூக்கணும். ராணியோட அங்கியில கொக்கி பிஞ்சிருக்கு,” என்றாள், யாருக்கோ பதில் சொல்வது போல. பிறகு ஊசியைப் போட்டுவிட்டு, மேசை மேல் கிடந்த சின்ன ஜிப் பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “இது என் பொண்ணு பாப்பாவோட இன்சுலின். நேத்து ராத்திரி இதை விட்டுட்டுப் போயிருக்கா. பர்ஸையும் விட்டுட்டுப் போயிருக்கா. எட்டு வயசுலேர்ந்து ஊசி போட்டுக்கற பொண்ணு. நேத்து மத்தியானம் ஒரு மணிக்குப் போட்டது. இப்ப மணி என்ன?”

எதிரே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த அம்மா இன்னும் உடைந்துபோவாள் என்று தெரியும்.

அவளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிடும். காப்பீட்டு அலுவலகத்தில் பதினைந்து வருடம், நடக்காத விபத்துகளை நடந்ததாகச் சொல்கிறவர்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். உண்மையில் அவள் ஒரே ஒருவனுக்குத்தான் அண்ணி. கணவரின் தம்பி. பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தவன், மூன்று வருடமாக உதவியாளனாக இருக்கிறான். போகிற இடமெல்லாம் அவன் “அண்ணி, அண்ணி” என்று கூவியதில், போலீஸ்காரர்கள் முதல் திருடர்கள் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

“போலீஸ்ல என்ன சொன்னாங்க?” என்றாள் அண்ணி.

“பத்தொன்பது வயசாச்சு, சிநேகிதி வீட்டுல இருப்பா, சாயங்காலம் வரைக்கும் பாருங்கன்னாங்க. ஊசி வேணும்னா கடையில வாங்கிப் போட்டுக்குமேன்னாங்க. கையில பைசா இல்லாம, டாக்டர் சீட்டு இல்லாம எந்தக் கடையில குடுப்பான்? சிநேகிதிங்க பதினோரு பேருக்கும் போன் பண்ணிட்டேன். ஒருத்தி வீட்டுலயும் இல்ல. இவ போன் அணைஞ்சு கிடக்கு.” தையல்காரம்மாவின் குரல் திடீரென்று உயர்ந்தது. “அவன்தான் கூட்டிட்டுப் போயிருக்கான். அந்தக் குருவி!”

மேசை மேல் பாப்பாவின் மடிக்கணினி திறந்திருந்தது. அதன் முன்னால் கொழுந்தன் உட்கார்ந்து, ஒரு கையால் தன் போனையும் நோண்டிக்கொண்டிருந்தான்.

“ஆன்லைன் விளையாட்டு அண்ணி. ஆளுக்கொரு வீடு கட்டிக்கிட்டு ஒரு தீவுல இருக்கணும். இருட்டினா கொள்ளைக்காரங்க வருவாங்க, விரட்டணும். எனக்கு நல்லாத் தெரியும். வேலையில்லாம இருந்தப்ப நானே இதுல ரெண்டு மாடி கட்டினேன்.”

“நிஜத்துல வாடகை குடுக்காம இருந்தப்பவா?”

“நிஜத்துலதான் நீங்க இருக்கீங்களே அண்ணி.” அவன் திரையைத் திருப்பினான். “பாப்பாவோட பேரு இதுல முள்ளம்பன்றி. அதே தீவுல இன்னொருத்தன் இருக்கான். கருங்குருவி. ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் ஒண்ணா விளையாடறாங்க. ராத்திரி ஒன்பது மணியோட இந்தப் பக்கம் தானா மூடிக்கிச்சு. திரும்பத் திறக்க ரகசியச் சொல் வேணும். ஆனா கடைசியா பேசினது அப்படியே நிக்குது.”

“உன் போன்லேர்ந்து அந்தக் குருவிக்கு ஒரு வரி எழுதேன்.”

“எழுதிப் பார்த்தாச்சு. தெரியாதவங்க தகவலை அவன் ஏத்துக்கறதே இல்ல. கதவைச் சாத்திட்டு ஜன்னலுக்கும் பலகை அடிச்ச ஆளு.”

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தாள். படிக்கப் படிக்க அவள் புருவம் சுருங்கியது.

மாதக்கணக்கில் பாப்பா ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாள். நேர்ல எப்ப பார்க்கலாம்? ஒவ்வொரு முறையும் குருவி நழுவியிருந்தது. இப்ப வேண்டாம். அப்புறம் பார்க்கலாம். நான் பார்க்க நல்லாயிருக்க மாட்டேன். நேற்று மாலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு பாப்பா எழுதியிருந்தாள்: நீ யாருன்னு தெரிஞ்சுபோச்சு. ரெண்டு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்க.

குருவி பதில் சொல்லவில்லை.

எட்டு ஐந்துக்குத் திரையின் ஓரத்தில் ஒரு குறிப்பு: முள்ளம்பன்றி தன் வீட்டை இடித்துவிட்டது.

எட்டு நாற்பத்துநான்குக்குக் குருவி திரும்ப வந்திருந்தது. எங்க இருக்க? இரண்டு நிமிடம் கழித்து, கோபமா? பிறகு ஐந்து நிமிடம் எதுவுமில்லை. அதன் பிறகு கடைசியாக ஒரு வார்த்தை. சாப்பிட்டியா?

“பாருங்க, எப்படித் தேன் தடவிப் பேசறான்னு!” என்றாள் தையல்காரம்மா.

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள் அண்ணி. “பொண்ணுங்களை ஏமாத்திக் கூப்பிடறவன் வா, வான்னுதான் சொல்லுவான். இவன் மாசக்கணக்கா வராத, வராதன்னு சொல்லியிருக்கான். அதோட, பாப்பா இவன் கூட இருந்தா, சாப்பிட்டியான்னு கம்ப்யூட்டர்ல ஏன் கேட்கணும்? தட்டைப் பார்த்தாலே தெரியுமே.”

“அப்படின்னா இவனும் தேடறானா அண்ணி?”

“தேடறான். அதோட, இவன் பாப்பாவுக்குத் தெரிஞ்ச ஆளு. முன்பின் தெரியாதவனைப் பார்த்து நீ யாருன்னு தெரிஞ்சுபோச்சுன்னு யாரும் கோபப்பட மாட்டாங்க. தம்பி, இந்தக் குருவி எப்பெப்ப விளையாட வந்ததுன்னு பார்க்க முடியுமா?”

“அது வெளியிலயே தெரியும். என் போன்லயே பார்க்கலாம்.” அவன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். “சாதாரண நாள்ல ராத்திரி மூணு மணி நேரம் ஒட்டுக்கா உட்கார்ந்திருக்கான். சனி, ஞாயிறு மட்டும் அரிசியில கல் பொறுக்கற மாதிரி வரான், போறான். நேத்துப் பாருங்க. ஆறு நாற்பத்தொண்ணுக்கு வந்து ஆறு ஐம்பத்தஞ்சுக்குப் போயிட்டான். ஏழு பன்னிரண்டுலேர்ந்து ஏழு இருபத்தொண்ணு. அப்புறம் ஏழு நாற்பத்துமூணுலேர்ந்து எட்டு நாலு. போன ஞாயித்துக்கிழமையும் இதே மாதிரி துண்டு துண்டா. என்ன ஆளு இவன்? ரயில்வே கேட்டா?”

அண்ணி எழுந்து சுவருக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய அட்டை தொங்கியது. தையல்காரம்மா கைப்பட எழுதியது. எந்தக் காட்சி எத்தனை மணிக்கு, யார் மேடையில், யார் உள்ளே வந்து உடை மாற்ற வேண்டும் என்று நிமிடக்கணக்கில் கட்டம் போட்டிருந்தது. நேற்று நாடகம் ஆறரைக்குத் தொடங்கி எட்டு முப்பத்தைந்துக்கு முடிந்தது.

அவள் விரல் கட்டங்களின் மேல் நகர்ந்தது. ஆறு நாற்பத்தொன்றில் நின்றது. ஏழு பன்னிரண்டில் நின்றது. ஏழு நாற்பத்துமூன்றில் நின்றது.

“இந்த மூணு நேரத்துலயும் மேடையை விட்டு உள்ளே வந்தவர் ஒரே ஒருத்தர்,” என்றாள் மெதுவாக. “நிமிஷம் பிசகாம.”

தையல்காரம்மாவுக்குப் பார்க்க வேண்டியதே இல்லை. அட்டை அவளுக்கு மனப்பாடம். “வில்லன்,” என்றாள். அடுத்த நொடி மேசையிலிருந்த பெரிய கத்திரியோடு அறையை விட்டுப் பறந்தாள்.

“அண்ணி, அந்தம்மா துணி வெட்டப் போற மாதிரி தெரியல!”

ஒப்பனையறையில் வில்லன் நடிகர் நாற்காலியில் மல்லாந்து, குழல் போட்டு எலுமிச்சைச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தார். குவளையை மேசை மேல் வைத்து, தலையை மட்டும் நீட்டி. கழுத்துக்குக் கீழே கறுப்பு அங்கி, இரண்டு கையிலும் ஆறு அங்குல நகங்களோடு பூதக் கையுறை. கத்திரி தன் மூக்குக்கு நேராக வந்ததும் குழலை விட்டுவிட்டார்.

“எங்கேடா என் பொண்ணு?”

“அக்கா! என்னக்கா இது! பாப்பாவா? நேத்துச் சாயங்காலம் வணக்கம் மாமான்னா. அதுக்கப்புறம் நான் பார்க்கவே இல்லக்கா!”

“காட்சிக்கு நடுவுல உள்ளே வந்து போன்ல என்னடா பண்ணின?”

“போனா?” வில்லன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். நகங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. “இதை வெச்சுக்கிட்டா? பதினஞ்சு நாளைக்கு முன்னாடி மேடையில ஒரு கை கழண்டு விழுந்துச்சுன்னு, கையுறையையும் சட்டைக் கையையும் சேர்த்துத் தைச்சுட்டீங்களேக்கா! ஆறு மணிக்கு மாட்டினா ஒன்பது மணிக்குத்தான் விடுதலை. மூக்கு அரிச்சா ஆள் கூப்பிட வேண்டியிருக்கு!”

தையல்காரம்மா அந்தக் கையைப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி நெருக்கமான இரட்டைத் தையல். அவள் போட்டதுதான். இந்த அரங்கத்தில் வேறு யாருக்கும் அந்தக் கைவேலை வராது. தான் போட்ட தையலையே தான் மறந்துபோகும் அளவுக்குப் போய்விட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது போலிருந்தது. கத்திரி கீழே விழுந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னால முடியல அண்ணி. அவ மூச்சு வாங்கிக்கிட்டு எங்கயோ கிடக்கா. எனக்குத் தெரியுது.”

அண்ணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஆறுதல் சொல்வதைவிடக் கேள்வி கேட்பதுதான் இரக்கம்.

“அட்டை பொய் சொல்லல. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். வில்லன் மேடையில இல்லாதப்ப இவருக்கு மட்டும்தான் கை ஓயும்னு நினைச்சுட்டேன். தம்பி, வில்லன் இல்லாதப்ப வேற யாரு சும்மா இருப்பாங்க?”

“வில்லன் இல்லைன்னா எல்லாருமே நிம்மதியாத்தான் இருப்பாங்க அண்ணி.”

“அந்த மூணு காட்சியிலயும் மேடையில என்ன நடக்குது? சொல்லுங்கம்மா.”

“காதல் காட்சி,” என்றாள் தையல்காரம்மா சுரத்தில்லாமல். “அவனும் அவளும் ஆத்தங்கரையில உட்கார்ந்து பேசறாங்க.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல. பாட்டு இல்ல, சண்டை இல்ல. முதல் தடவையே பதினாலு நிமிஷம் பேச்சுதான்.”

“வெளிச்சம் எப்படி இருக்கும்?”

“சாயங்கால வெளிச்சம். காட்சி முழுக்க ஒரே மாதிரி, மாறவே மாறாது. வில்லன் வந்தாத்தான் சிவப்பு, பச்சை, மின்னல், இடின்னு விடாம...”

அவள் நிறுத்திவிட்டாள். நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த எல்லாம் ஒரு கணம் காலியானது.

“இல்ல,” என்றாள். “அவரா இருக்காது. அவருக்குப் போன்ல ஒரு நம்பரைச் சேர்த்து வைக்கவே தெரியாது.”

“அவருன்னா யாருக்கா?” என்றான் கொழுந்தன்.

வில்லன் நடிகர்தான் சங்கடத்தோடு பதில் சொன்னார். “விளக்குக்காரர், தம்பி. பாப்பாவோட அப்பா.”

அந்த அரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. ஆறு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு வாக்குவாதம். காலையில் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தது. விளக்குக்காரர் ஒரு பையோடு வெளியேறி வாடகை அறைக்குப் போனார். பதின்மூன்று வயதுப் பாப்பா வாசலில் நின்று, “இனிமே உங்ககூடப் பேசவே மாட்டேன்” என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கணவனும் மனைவியும் வேறு வேலை தெரியாததால் அதே அரங்கத்தில் தொடர்ந்தார்கள். அவர் மேலே விளக்கறையில், இவள் கீழே உடையறையில். நடுவில் பின்னரங்கில் ஒரு சிலேட்டுப் பலகை. இரண்டாம் காட்சி நீலம் அழுக்காகத் தெரிகிறது என்று அவர் எழுதுவார். துணியில் குறையில்லை, விளக்கைப் பார்க்கவும் என்று இவள் எழுதுவாள். ஆறு வருடமாகக் குடும்பம் சாக்கட்டியில் நடந்தது.

“நேத்து ராத்திரியிலேர்ந்து அந்தச் சிலேட்டுல என்ன எழுதினீங்க?” என்று கேட்டாள் அண்ணி.

தையல்காரம்மா பார்வையைத் தாழ்த்தினாள். “ராணியோட கிரீடம் கண்ணைக் கூசுது, வெளிச்சம் குறைக்கணும்னு எழுதினேன்.”

“பொண்ணு காணோம்னு எழுதலையா?”

“எப்படி எழுதுவேன்? ஒரு பொண்ணைக்கூட வளர்க்கத் தெரியலைன்னு அவர் நினைக்கவா? யாரும் சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்.”

அண்ணி ஏற்கெனவே எழுந்து நடந்துகொண்டிருந்தாள்.

பார்வையாளர் பகுதியின் பின்பக்கச் சுவரில் ஓர் இரும்பு ஏணி. அதன் உச்சியில், ஆள் குனிந்து நுழையும் கதவு. விளக்கறை என்பது பெயருக்குத்தான். அங்கே வெளிச்சமே இல்லை. நீளமான பலகையில் வரிசையாகப் பொத்தான்களும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டைகளும். அவற்றின் கீழே, யாருக்கும் தெரியாதபடி, ஒரு பழைய மடிக்கணினி.

அதன் திரையில் ஒரு தீவு. இடிந்த வீட்டின் முன்னால் கறுப்பு உருவம் ஒன்று அசையாமல் நின்றிருந்தது.

தலை நரைத்த ஒல்லியான மனிதர் அவசரமாகத் திரையை மூடப் போனார். “மூட வேண்டாம், குருவி,” என்றாள் அண்ணி. அவர் கை அந்தரத்தில் நின்றது.

“யாருகிட்டயும் சொல்லிடாதீங்கம்மா,” என்றார் முதல் வார்த்தையாக. கெஞ்சல்தான். “அவ மேடை ஓரத்துல உட்கார்ந்து விளையாடுவா. நான் மேலே பல்பு மாத்தறப்ப அவ திரை தெரியும். ஒரு நாள் தனியாத் தோத்துக்கிட்டே இருந்தா. துணைக்கு ஒரு ஆள் போகலாமேன்னு சேர்ந்தேன். விளையாட எனக்கு அவதான் கத்துக் குடுத்தா. குருவி, நீ சரியான மக்குன்னு திட்டித் திட்டி.” அவர் வாய் சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. “நேத்துக் கண்டுபிடிச்சுட்டா. என்ன எழுதறதுன்னு தெரியல. பன்னிரண்டு நிமிஷம் அந்த வரியைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள வில்லன் வந்துட்டான், சிவப்புப் போட வேண்டியதாயிடுச்சு. அவ கோபம் ரெண்டு நாள்ல தணிஞ்சுடும். வீட்டுல அவங்க அம்மாகூடத்தானே இருக்கா?”

அண்ணி அவரையே பார்த்தாள். இத்தனை நேரம் அவர்கள் துரத்தியது எதையோ மறைக்கிற ஒருவனை. இங்கே உட்கார்ந்திருந்ததோ, எதுவுமே தெரியாத ஒருவர்.

“பாப்பா நேத்து ராத்திரி எட்டு மணியிலேர்ந்து காணோங்க. இன்சுலினை விட்டுட்டுப் போயிட்டா.”

விளக்குக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் தலை மேற்கூரையில் இடித்தது. அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

“காணோமா? எப்படிக் காணோம்? அப்ப நேத்து ராத்திரி பூரா நான் யாருக்கு எழுதிக்கிட்டிருந்தேன்?” ஏணியின் வாயில் தையல்காரம்மாவின் தலை தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு அண்ணியிடம் திரும்பினார். “அவங்ககிட்டக் கேளுங்க. பழைய ஒத்திகைக் கூடத்துல பார்த்தாங்களா?”

தையல்காரம்மாவும் அண்ணியிடமே சொன்னாள். “அவர்கிட்டச் சொல்லுங்க, அந்த இடத்தைப் பூட்டி நாலு வருஷமாச்சுன்னு.”

“அவங்ககிட்டச் சொல்லுங்க, பாப்பாகிட்ட மாத்துச் சாவி இருக்குன்னு. மனசு சரியில்லைன்னா அங்கதான் போவா. யாருக்கும் தெரியாதுன்னு குருவிகிட்ட மட்டும்...”

“நான் ஒண்ணும் சிலேட்டு இல்ல!” என்று கத்தினாள் அண்ணி.

அவள் கத்தி கொழுந்தன்கூடக் கேட்டதில்லை.

“ஒருத்தருக்கு ஊசி இல்லைன்னு தெரியும், இடம் தெரியாது. இன்னொருத்தருக்கு இடம் தெரியும், ஊசி இல்லைன்னு தெரியாது. பதினேழு மணி நேரமா ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்குப் பாதி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க! இறங்குங்க!”

இறங்கும்போது விளக்குக்காரர் பழக்கதோஷத்தில் பலகையைத் திரும்பிப் பார்த்தார். மூன்று மணிக்கு நாடகம். அண்ணி, பின்னாலேயே ஏறி வந்திருந்த கொழுந்தனின் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினாள்.

“அண்ணி, நான் வீட்டு டியூப் லைட்டையே தட்டித் தட்டித்தான் எரிய வைப்பேன்!”

“எந்த விளக்கு எப்பன்னு காகிதத்துல எழுதியிருக்கு. ஒரு மணி நேரம் இருக்கு. படி.”

“பரீட்சைக்கே படிக்காதவனை...”

மிச்சம் அவர்களுக்குக் கேட்கவில்லை.

ஐந்து தெரு தள்ளி, மூடிக்கிடந்த சைக்கிள் கடையின் மாடி. படிகள் குறுகலாக இருந்தன. விளக்குக்காரர் இரண்டிரண்டாகத் தாவினார். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

“பாப்பா! அம்மா வந்திருக்கேன்மா! கதவைத் திற!”

தையல்காரம்மா இரண்டு உள்ளங்கையாலும் கதவை அறைந்தாள். அண்ணி காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ஒரு சத்தம் இருந்தது. ரம்பம் அறுப்பது போல, ஆழமான, வேகமான மூச்சு. அதைக் கேட்டதும் அண்ணிக்குக் கதவு கெட்டியா மெல்லியதா என்ற யோசனையே எழவில்லை. “உடைங்க,” என்றாள்.

மூன்றாவது உதையில் தாழ் பிய்ந்தது.

சுருட்டி வைத்த பழைய திரைச்சீலையின் மேல் பாப்பா ஒருக்களித்துக் கிடந்தாள். பக்கத்தில் மூன்று காலித் தண்ணீர்ப் புட்டிகள். உதடு வெடித்திருந்தது. மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. கண் பாதி திறந்திருந்தாலும் எதையும் பார்க்கவில்லை.

“பாப்பா! பாப்பா!” தையல்காரம்மா கன்னத்தைத் தட்டினாள். பையைத் திறந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியாத அதே கை, இன்சுலின் பேனாவை மட்டும் நடுங்காமல் எடுத்தது. “நான் எத்தனை யூனிட் போடறது, இப்படி ஒரு நிலைமையில இவளை நான் பார்த்ததே இல்லையே...”

“இங்க வேண்டாம். டாக்டர் பார்த்துட்டுப் போடட்டும்,” என்றாள் அண்ணி. அவள் சொல்லி முடிப்பதற்குள் விளக்குக்காரர் மகளைத் தூக்கிவிட்டார். பதின்மூன்று வயதுக்கப்புறம் அவர் தொடாத பிள்ளை. படியில் இறங்கும்போது அவள் தலை அவர் தோளில் அப்படியும் இப்படியும் ஆடியது. அவர் ஒவ்வொரு படிக்கும் “இதோ, இதோ” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருத்தி நடந்துகொண்டே கேட்டாள். “கடைசியா எப்ப இன்சுலின் போட்டாங்க?”

“நேத்து மத்தியானம் ஒரு மணிக்கு,” என்றாள் தையல்காரம்மா.

“அதுக்கு முந்தின நாள் ராத்திரி டோஸ்?”

“போட்டா. நான் கேட்டேன், போட்டேன்னு சொன்னா.”

“போடல,” என்றார் விளக்குக்காரர்.

தையல்காரம்மா திரும்பினாள்.

“வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு எழுதினா. பதினோரு வருஷமா குத்திக் குத்தி அலுத்துப்போச்சு, இன்னைக்கு ஒரு நாள் விடப்போறேன்னு. போட்டாத்தான் விளையாடுவேன்னு சொன்னேன். சரி, போட்டாச்சுன்னு எழுதினா. ஆனா ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அவ எழுந்தே போகல, எனக்குத் தெரியும்.” அவர் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். “நேத்து எட்டு அஞ்சு வரைக்கும் தெளிவா இருந்தா. எழுத்துல ஒரு பிழை இல்ல.”

டாக்டர் தலையசைத்துவிட்டுக் கதவுக்குள் மறைந்தாள்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். தையல்காரம்மா பெஞ்சின் இந்த முனையில், அவர் அந்த முனையில். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். மூன்று இருபதுக்கு அண்ணியின் போன் ஒலித்தது.

“அண்ணி, மெதுவாப் பேசறேன், நாடகம் நடக்குது. காதல் காட்சியில தெரியாம மின்னலைப் போட்டுட்டேன். கதாநாயகி பயந்து அவனைக் கட்டிப் புடிச்சுட்டா. கைதட்டு நிக்கவே மாட்டேங்குது. பாப்பா எப்படி இருக்கா?”

“இன்னும் தெரியலடா.”

“சரி அண்ணி,” என்றான், கிண்டல் எல்லாம் வடிந்த குரலில். “நீங்க அங்கயே இருங்க. நான் பார்த்துக்கறேன்.”

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கினாள். “மூச்சு சீராயிட்டு வருது. கண் திறந்திருக்காங்க. இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தா நான் இப்படி நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டேன்.” தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஒருத்தர் மட்டும் உள்ளே வரலாம். அம்மாவா, அப்பாவா?”

விளக்குக்காரர் சுவர்ப் பக்கம் ஒதுங்கினார். ஆறு வருடமாக ஒதுங்கிப் பழகியவர்.

தையல்காரம்மா எழுந்தாள். கதவு வரை போனாள். கைப்பிடியைத் தொட்டாள். பிறகு திரும்பி, அண்ணியைப் பார்க்காமல், அவரைப் பார்த்தாள்.

“நீங்க போங்க,” என்றாள். “எங்கிட்ட அவ போட்டேன்னுதான் சொல்லுவா. உங்ககிட்டதான் போடலைன்னு சொல்லுவா.”

அவர் உள்ளே போனார். கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. அண்ணியும் தையல்காரம்மாவும் அதில் நெற்றி முட்ட நின்று பார்த்தார்கள். விளக்குக்காரர் கட்டிலருகே போனதும், பாப்பா அவரை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மருந்துக் குழாய் இழுபட, மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“திரும்பிக்கிட்டாளே அண்ணி,” என்றாள் தையல்காரம்மா.

அண்ணி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போகச் சொல்லலையே,” என்றாள்.